பவுண்டியில் நாற்பத்தொரு வண்டிகள்

மாடாக இருந்தால் தொடையில் சூடு இருக்கும்.
நாயாக இருந்தால் கழுத்தில் வில்லை.
கடை ட்ராலிக்கு
கைப்பிடியில் திருகிய ஒரு பிளாஸ்டிக் பலகை.
அதில் யார் பெயரோ
அவரே உரிமையாளர் என அனுமானிக்கப்படுவார்
என்கிறது ஹார்லன் ஃபெரி நகரச் சட்டம்,
பிரிவு ஒன்பது.
அனுமானம் என்ற சொல்லைச்
சம்பளத்துக்காக
நாளைக்கு முப்பது தடவை தட்டச்சு செய்கிறேன்.

வாய்க்காலில் குப்புறக் கிடந்தவை எட்டு.
பேருந்து நிறுத்தத்தில்
ஒன்றன் முதுகில் ஒன்று முகம் புதைத்து நின்றவை
பதினைந்து.
மருத்துவமனை வாசலில் ஒன்று,
உள்ளே ஒற்றைச் செருப்பு,
பாதி உரித்த ஆரஞ்சு.
மற்றவை எங்கே அகப்பட்டன என்று
லாரி ஓட்டும் கோர்ட்னி எழுதுவதில்லை.

கடைகளுக்கு மூன்று நாள் அவகாசம்.
வரமாட்டார்கள்.
அபராதம், டீசல், ஆள் கூலி
கூட்டிப் பார்த்தால்
தொலைந்தது தொலைந்ததாகவே இருப்பது லாபம்.
அவர்களுடைய வக்கீல்
கனமான தாளில் பதில் போடுவார்:
பலகை எங்களுடையதே.
வண்டி எங்களுடையதுதானா என்று
உறுதியாகச் சொல்வதற்கில்லை.

செவ்வாய்க்கிழமை லுவெல்லா பிரிட்சார்ட் வந்தார்.
வேண்டும் என்று கேட்டு வந்த
இந்த வருஷத்தின் முதல் ஆள்.
இருபத்தாறாம் எண்.
சிவப்புக் கைப்பிடி. பலகை இல்லை,
திருகாணித் துளைகள் இரண்டு மட்டும்.
மேம்பாலத்தடியில்
அவர் கழிப்பறைக்குப் போன நேரம்
எங்கள் லாரி போயிருக்கிறது.
கம்பளி, சின்ன ஸ்டவ்,
மகன் நீச்சலில் வாங்கிய கோப்பை,
எல்லாம் அன்றைக்கே திருப்பித் தந்தாயிற்று.
அவற்றுக்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை.
வண்டிக்குக் கேட்டாக வேண்டும்.

“காசு கொடுத்து வாங்கினேன்” என்றார்.
கோல்டன் ஏக்கர் கடையை மூடியபோது
ஏலத்தில், பதினோரு டாலர்.
பைக்குள் பை, அதற்குள் பர்ஸ்,
அதற்குள் பிளாஸ்டிக் உறை,
அதற்குள் ரசீது.
வெள்ளை.
புரட்டினேன். அந்தப் பக்கமும் வெள்ளை.
வெயில் நக்கித் துடைத்த தட்டு.
விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால்
ஓர் ஒன்று தெரிந்தது.
பக்கத்தில் இன்னோர் ஒன்றோ,
மடித்த கோடோ.

“தள்ளிப் பாருங்கள்” என்றார்.
“ஏழாவது அடியில் இடப்பக்கம் இழுக்கும்.
என் மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும்.”
தள்ளினேன்.
ஏழாவது அடியில், சத்தியமாக,
இடப்பக்கம் இழுத்தது.

பக்கத்தில் நின்ற இருபத்தேழையும் தள்ளினேன்.
அதுவும் இடப்பக்கம்.
முப்பதும்.
மழைநீர் வடிவதற்காக
எங்கள் முற்றம் சரித்துப் போட்ட தரை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எதற்காக இருபத்தேழைத் தொட்டேன் என்பது
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிரிவு ஒன்பதை மறுபடி வாசித்தேன்.
பலகையில் பெயர் இருக்க வேண்டும், சரி.
யார் எழுத வேண்டும், எப்போது எழுத வேண்டும்,
அதெல்லாம் சட்டம் எழுதியவருக்குத்
தோன்றவில்லை போல.
ஒட்டும் தாள் ஒன்றையும் கறுப்பு மார்க்கரையும்
ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்
தண்ணீர் குடிக்கப் போனேன்.
குழாய் கட்டடத்தின் மறுகோடியில்.
இரண்டு டம்ளர் குடித்தேன்.

திரும்பியபோது இருபத்தாறுக்குப் பெயர் இருந்தது.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
அது கம்பிமேல் ஏறியிருந்தது.
மேலதிகாரி யாஸி வந்து
ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.
விரலைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
“ஈரமாக இருக்கிறதே.”
“மழை” என்றேன்.
மே மாதத்திலிருந்து ஊரில் ஒரு பொட்டு இல்லை.
பேனா கேட்டார்.

வெள்ளைத் தாளைக் கோப்பில் கோத்தேன்:
ஆதாரம், பக்கம் ஒன்று.

வெளியே சாலை சமதளம்.
லுவெல்லா திரும்பிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனார்.
வாசலில் நின்று
அடிகளை எண்ணினேன்.
ஆறு வரைக்கும் நேராகத்தான் போனது.
குறுக்கே, கோர்ட்னியின் லாரி
உள்ளே திரும்பியது,
இன்னும் நான்கைந்தை ஏற்றிக்கொண்டு.